முரசும் ஆணிகளும்

தசாரகர் என்ற குலத்தாரிடம் ஆனகம் என்றொரு முரசு இருந்ததாம். ஊரைக் கூட்டும் பெருமுரசு. அதில் வெடிப்பு விழும்போதெல்லாம் ஓர் ஆணி அடித்துச் சரிசெய்தார்கள். அடுத்த வெடிப்புக்கு இன்னோர் ஆணி. இப்படியே காலம் போய், ஒருநாள் பார்த்தால் முரசின் மரம் முழுவதும் மறைந்துவிட்டது. ஆணிகள் மட்டும் கூட்டமாக நின்றன. சங்யுத்த நிகாயத்தின் ஆணி சூத்திரத்தில் புத்தர் சொல்வதாக வரும் கதை இது. தம் உரைகளுக்கும் பிற்காலத்தில் இந்தக் கதி நேரலாம் என்று அவர் எச்சரிக்கிறார். ஆழமான, வெறுமையைப் பேசும் உரைகளை மக்கள் கேட்காமல் விட்டுவிடுவார்கள். கவிஞர்கள் அழகுபடக் கட்டிய சொற்களுக்கே காது கொடுப்பார்கள்.

அதற்காக எதையுமே சேர்க்கமாட்டோம் என்று ஒரு மரபு உயிர்வாழ முடியாது. புரியாதவருக்கு விளக்கம் வேண்டும், வேற்று மொழிக்காரருக்கு மொழிபெயர்ப்பு வேண்டும், ஐயம் எழுந்தால் உரை வேண்டும். வெடித்த முரசை அப்படியே விட்டால் ஓசை எழாது. ஆணி அடித்துக்கொண்டே போனால் முரசே மிஞ்சாது. எந்தச் சேர்க்கை பழுதுபார்ப்பு, எந்தச் சேர்க்கை அழிவு? பௌத்தம் தன் முதல் நாட்களிலிருந்தே இந்தக் கேள்வியோடு வாழ்ந்து வருகிறது. நம் காலத்தில் அது ஓர் இணையத்தளத்தின் கோப்புறைகளுக்குள் வந்து நிற்கிறது. அங்கே கிடைத்திருக்கும் விடை, தேரர்கள் என்னும் பழைய மூத்த துறவிகள் கண்ட விடைக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது.

அந்தத் தளம் சுத்தா சென்ட்ரல். பிக்கு சுஜாதோ, ராட் பக்னெல், ஜான் கெல்லி ஆகிய மூவரும் 2005இல் தொடங்கியது. நிகாயங்கள் என்னும் பாலித் தொகுதிகளில் உள்ள ஒரு சூத்திரத்துக்குச் சீன ஆகமங்களிலும் சமஸ்கிருத, திபெத்திய நூல்களிலும் இணையான உரை எங்கே இருக்கிறது என்று காட்டுவதே முதல் நோக்கம். ஜப்பானிய அறிஞர் சிசென் அகனுமா 1929இல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணை அந்த வேலைக்கு முன்னோடி. நாளடைவில் உரைகளும் மொழிபெயர்ப்புகளும் சேர்ந்து, இன்று பழம்பௌத்த நூல்களுக்கான பெரிய வாயிலாகத் தளம் வளர்ந்திருக்கிறது.

தொடக்ககாலத்தில் அங்கே ஏற்றப்பட்ட மொழிபெயர்ப்புகள் மற்ற தளங்களில் இருப்பதைப் போன்றவைதான். ஒரே கோப்பில் வாசகம், தலைப்பைக் காட்டும் குறி, பத்தி பிரிக்கும் குறி, அடிக்குறிப்பு எல்லாம் பின்னிக் கிடக்கும். ஒரு குறிப்பைத் திருத்தப் போனால் வாசகத்திலும் கை படும். அவற்றில் பல இன்றும் பழைய வடிவிலேயே இருக்கின்றன. பின்னால் வந்த அமைப்பு இதை அடியோடு மாற்றியது. ஒவ்வொரு சூத்திரத்தையும் வாக்கிய அளவிலான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பாலி மூலம் ஒரு கோப்பு. அதில் எண்ணும் பாலி வரியும் மட்டுமே இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னொரு கோப்பு. அதே எண்கள், எதிரில் ஆங்கில வரிகள். பாடபேதங்களுக்குத் தனிக் கோப்பு, குறிப்புகளுக்குத் தனிக் கோப்பு, பக்கத்தில் எது தலைப்பு எது பத்தி என்று சொல்லும் குறிகளுக்கும் தனிக் கோப்பு. வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது இவையெல்லாம் எண்வழி ஒன்றுகூடி ஒரே உரையாகத் தெரிகின்றன.

புதிதாக ஒரு மொழிபெயர்ப்பைச் சேர்க்க விரும்புகிறவர் மூலக் கோப்பைத் திறக்கவே தேவையில்லை. தம் மொழிக்குரிய கோப்புறையில், தம் பெயருக்குரிய உள்கோப்புறையில், தம் கோப்பை வைக்க வேண்டும். கோப்பின் பெயரைப் படித்தாலே அது எந்தச் சூத்திரம், மூலமா மொழிபெயர்ப்பா, எந்த மொழி, யார் செய்தது என்பது விளங்கிவிடும். ஆசிரியர் பட்டியலிலும் வெளியீட்டுப் பட்டியலிலும் அவருக்கு ஒரு பதிவு உண்டு. ‘பிலாரா’ என்ற மொழிபெயர்ப்புக் கருவி இதை இன்னும் எளிதாக்குகிறது: நிரல் எதுவும் அறியாதவர்கூட இடப்பக்கம் பாலி வரியைப் பார்த்து வலப்பக்கம் தம் வரியைத் தட்டச்சு செய்யலாம். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது கிட் என்ற பதிவு முறையில் நிற்கும். பழைய வடிவம் எதுவும் தொலைவதில்லை.

தொழில்நுட்ப வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். எளிய எழுத்துக் கோப்புகளைப் படிக்கத் தனி மென்பொருள் வேண்டாம்; நகல் எடுப்பது சுலபம்; தளமே மறைந்தாலும் கோப்புகள் மிஞ்சும். எல்லாம் உண்மை. ஆனால் இதற்குள் ஓர் அறநிலைப்பாடும் இருக்கிறது. மூலம் ஓரிடம், உரை ஓரிடம், சேர்த்தவன் பெயர் வெளிப்படை. ‘மூலமும் உரையும்’ என்று அட்டையில் அச்சிட்ட நூல்களைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஏடு பெயர்த்து எழுதியவர் ஓரத்தில் குறித்த செய்யுள் அடுத்த நகலில் நூலுக்குள் புகுந்துகொண்டால் அதை இடைச்செருகல் என்போம். அந்தச் செய்யுள் மோசமானது என்பதால் வந்த பழியன்று அது. தன்னை மூலம் என்று காட்டிக்கொண்டதே அதன் குற்றம்.

பௌத்த வரலாற்றில் இந்தக் கவலை எழுத்துக்கும் முந்தியது. சில நூற்றாண்டுகள் திரிபிடகம் என்னும் பௌத்த மறைநூல் தொகுப்பு வாய்வழியாகவே வந்தது. தீக நிகாயத்தை ஓதுவோர், மஜ்ஜிம நிகாயத்தை ஓதுவோர் என்று பாணகர் குழுக்கள் தனித்தனியே இருந்தன. ஒவ்வொரு குழுவும் தன் பகுதியை மனத்தில் சுமந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் இந்த ஏற்பாடு ஏறத்தாழ அறுந்துபோகும் நிலைக்கு வந்தது. திஸ்ஸன் என்ற பிராமணனின் கலகம், தமிழகத்திலிருந்து படையோடு வந்த தலைவர்களிடம் அனுராதபுரம் வீழ்ந்தது, கொடும் பஞ்சம் எல்லாம் ஒருசேர நேர்ந்தன. மன்னன் வட்டகாமணி அபயன் ஆண்டுக்கணக்கில் மறைந்து வாழ்ந்தான். துறவிகள் பலர் மாண்டார்கள், பலர் கடல் கடந்தார்கள்.

அந்தப் பேரச்சக் காலத்தைப் பற்றி துறவிகளின் ஒழுக்க விதிகளான வினயத்துக்கு எழுந்த உரையான சமந்தபாசாதிகை ஒரு செய்தி சொல்கிறது. மகாநித்தேசம் என்ற நூலை மனப்பாடமாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்குதான் மிஞ்சியிருந்தார். அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளும்படி மூத்த தேரர் ஒருவர் மகாரக்கித தேரரிடம் சொன்னபோது மகாரக்கிதர் மறுத்துவிட்டார். மூத்தவர் தாமே அருகில் வந்து அமர்ந்துகொள்வதாகச் சொல்லி அவரை இணங்கவைத்தார். இரவு பகலாகக் கற்று முடித்த கடைசி நாளில் அந்த ஆளின் ஒழுக்கக்கேடு கண்ணெதிரே வெளிப்பட்டது. ஆனால் அதற்குள் நூல் தப்பிவிட்டது.

இந்தக் கதையை எவ்வளவு நேரம் எண்ணிப் பார்த்தாலும் தகும். சுமப்பவனின் தூய்மை வேறு, சுமக்கப்படும் சொல்லின் மெய் வேறு என்ற கடினமான உண்மையைத் துறவிகள் அன்று ஏற்றுக்கொண்டார்கள். கணினிக் கோப்பில் திருமறையா என்று முகம் சுளிப்பவர்களுக்கான பதில் இதிலேயே இருக்கிறது. கோப்புக்கு ஒழுக்கமும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை. சொல்லை மாற்றாமல் கொடுக்கிறதா என்பது ஒன்றே அதனிடம் கேட்கவேண்டியது.

பஞ்சம் நீங்கியபின் இலங்கைத் துறவிகளிடையே பெரிய விவாதம் ஒன்று நடந்ததை அங்குத்தர நிகாய உரை பதிவு செய்திருக்கிறது. புத்தரின் போதனையான சாசனத்தின் வேர் எது, கற்றலா ஒழுகலா? கந்தலாடைத் துறவிகள் ஒழுகலே வேர் என்றார்கள். அறவுரையாளர்கள் கற்றலே வேர் என்றார்கள். கற்றலின் பக்கமே தீர்ப்பானது. தியானமும் துறவும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், நூல் அழிந்தால் அடுத்த தலைமுறைக்கு வழி தெரியாது என்பது காரணம். இந்தத் தீர்ப்பை எல்லாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஒழுகாத படிப்பு எதற்கு என்ற கேள்வி அன்றும் நியாயமானது, இன்றும் நியாயமானது. ஆனால் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் துறவிகள் உட்கார்ந்து பிடகங்களையும் உரைகளையும் ஏட்டில் எழுதியது அதே காலத்தின் துயரத்தில் பிறந்த துணிவு. அவர்கள் எழுதாமல் இருந்திருந்தால் ஒழுகுவதற்கு எது மிஞ்சியிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

சேர்க்கையைச் சோதிக்கப் புத்தரே ஒரு முறை வகுத்ததாக மகாபரிநிப்பாண சூத்திரம் சொல்கிறது. நான்கு பெரும் சான்றுகள் என்று அதற்குப் பெயர். புத்தரிடமே நேரில் கேட்டேன் என்று ஒருவர் சொல்லலாம். ஒரு சங்கத்திடம் கேட்டேன், கற்றறிந்த தேரர் பலரிடம் கேட்டேன், ஒரு தேரரிடம் கேட்டேன் என்றும் சொல்லலாம். எதுவானாலும் உடனே போற்றவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். சொற்களை நன்றாக மனத்தில் வாங்கி, சூத்திரத்தோடும் வினயத்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால் ஏற்க வேண்டும், பொருந்தாவிட்டால் விட வேண்டும். சொன்னவரின் பெருமை இங்கே சான்றாக எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதே சான்று. ஒப்பிடுவதற்கு மூலம் தனியாக, கலக்காமல் இருந்தாக வேண்டும். கலந்தபின் எதோடு எதை ஒப்பிடுவது?

உரையாசிரியர்கள் இதை இன்னும் நுணுக்கினார்கள். சூத்திரம், சூத்திரத்துக்கு ஒத்தது, ஆசிரியர் மரபு, சொந்தக் கருத்து என்று நான்கு படிகள் வைத்தார்கள். சொந்தக் கருத்து எல்லாவற்றிலும் வலுக்குறைந்தது. வலுக்குறைந்தது என்பதற்காக அதைத் தடுக்கவில்லை, அதற்குரிய படியில் நிற்கச் சொன்னார்கள். சுத்தா சென்ட்ரலின் கோப்புறைகளைப் பார்ப்பவருக்கு இந்த நான்கு படிகளும் நினைவுக்கு வரும்.

நடைமுறையில் என்ன நடந்தது என்று பார்த்தால் கதை இன்னும் சுவையானது. மஜ்ஜிம நிகாயத்தின் மதுபிண்டிக சூத்திரத்தில் விளக்கம் முழுதும் மகாகச்சானருடையது. புத்தர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார், சீடர் விரிக்கிறார், பின்பு புத்தர் தாமும் அப்படியே சொல்லியிருப்பேன் என்று ஒப்புகிறார். ஒப்புதல் வந்ததும் சீடரின் சொல் புத்தவசனமாகிவிட்டது. கதாவத்து என்ற நூலின் கதை அதைவிடச் சிக்கலானது. அசோகர் காலத்துச் சங்கீதியில், அதாவது துறவிகள் கூடி ஓதித் தொகுத்த பேரவையில், மொக்கலிபுத்த திஸ்ஸர் தொகுத்ததாக மரபே ஒத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் அது அபிதம்ம பிடகத்தின் ஏழு நூல்களில் ஒன்று. எப்படி? புத்தர் தலைப்புகளை முன்கூட்டியே வகுத்து வைத்துப் போனார், திஸ்ஸர் அந்தச் சட்டகத்தை நிரப்பினார் என்று அத்தசாலினி என்ற உரை வாதாடுகிறது. வாதம் எல்லாரையும் இணங்கவைக்காது. ஆனால் சேர்த்ததை மறைக்காமல், யார் சேர்த்தார் என்று பெயர் சொல்லிவிட்டு வாதாடுகிற நேர்மை அதில் இருக்கிறது. மிலிந்தபஞ்ஹா என்ற நூல் பர்மியரின் குத்தக நிகாயத்தில் இடம் பெறுகிறது, சிங்கள மரபில் வெளியே நிற்கிறது. இரண்டு நாடுகளும் இதற்காகப் பகை கொள்ளவில்லை.

எல்லாவற்றிலும் மனத்தைத் தொடுவது புராண தேரரின் செய்தி. ராஜகிருகத்தில் முதல் சங்கீதி முடிந்தபின் அவர் ஐந்நூறு பிக்குகளோடு வந்து சேர்கிறார். தேரர்கள் தாங்கள் ஓதித் தொகுத்ததை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார்கள். நன்றாகவே ஓதியிருக்கிறீர்கள், ஆனால் நான் புத்தரிடம் நேரில் எப்படிக் கேட்டேனோ அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் அவர். வினயத்தின் சுல்லவக்கம் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. சங்கம் அவரை விலக்கியதாக அங்கே ஒரு சொல் இல்லை. அதிகாரபூர்வத் தொகுப்பு தன் பக்கத்திலேயே இன்னொரு நினைவு இருந்தது என்று தானே சாட்சி சொல்கிறது. ஒரு மதம் தன்னைப் பற்றி இதைவிடத் துணிவாக என்ன பதிவு செய்துவிட முடியும்?

எதிர்வாதமும் மரபுக்குள்ளேயே இருக்கிறது, அதைத் தவிர்க்கக் கூடாது. அங்குத்தர நிகாயத்தில் உத்தரர் என்ற பிக்குவிடம் தேவர்களின் அரசனான சக்கன், நீங்கள் சொல்வது உங்கள் சொந்த அறிவா புத்தரின் சொல்லா என்று கேட்கிறான். பெரிய தானியக் குவியலிலிருந்து அவரவர் கூடையில் அள்ளிப் போகிறார்கள். எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்றால் அந்தக் குவியலிலிருந்து என்பதுதானே சரியான பதில் என்கிறார் உத்தரர். நன்றாகச் சொல்லப்பட்டது எதுவானாலும் அது புத்தரிடமிருந்து வந்ததே என்பது அவர் கருத்து. இந்த நினைப்பு பிற்காலத்தில் மகாயான சூத்திரங்களுக்குக் கதவு திறந்தது. கருணையையும் வெறுமையையும் பற்றி உலகம் போற்றும் நூல்கள் அந்தக் கதவு வழியாகவே வந்தன. எழுதியவர் பெயர் இல்லாமல், புத்தர் வாய்மொழியாகவே அவை வந்தன. அவற்றால் எத்தனையோ பேர் ஆறுதலும் ஞானமும் பெற்றார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஆணி சூத்திரத்தின் கவலை இவற்றால் தீர்ந்துவிடவில்லை. நல்ல ஆணியும் ஆணிதான்.

பெயர் பற்றி இன்னொரு முடிச்சும் உண்டு. ‘நான்’ என்பதே இல்லை என்று கற்பிக்கும் நெறியில், மொழிபெயர்த்தவர் தம் பெயரைக் கோப்பின் தலையில் எழுதுவது பொருந்துமா? பழைய உரையாசிரியர்கள் தயங்காமல் எழுதினார்கள். அங்குத்தர உரையின் முடிவில் புத்தகோசர், முன்பு காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தம்மோடு தங்கியிருந்த ஜோதிபாலர் வேண்டிக்கொண்டதால் எழுதியதாகச் சொல்கிறார். சோழநாட்டுப் புத்ததத்தர் அபிதம்மாவதாரத்தின் இறுதியில் காவிரிப்பட்டினத்தையும் கண்ஹதாசன் கட்டிய விகாரையையும் பாடுகிறார். பெருமைக்காக என்று இதைப் படிக்க இடமில்லை. யாரிடம் போய்க் கேள்வி கேட்பது என்பதற்கு ஒரு முகவரி இது. பெயர் இருந்தால் பொறுப்பு இருக்கும்.

உரிமை வேறு விஷயம். சுஜாதோ 2015 முதல் தைவானைச் சேர்ந்த சீமெய் என்ற சிறு தீவில் தங்கி நான்கு நிகாயங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 2018இல் வெளியிட்டார். கிரியேட்டிவ் காமன்ஸ் சீரோ என்ற முறையில் பதிப்புரிமை முழுவதையும் துறந்துவிட்டார். யாரும் நகலெடுக்கலாம், அச்சிடலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். துன்ஹுவாங் குகையில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் வஜ்ர சூத்திர அச்சுச் சுருளில் கி.பி. 868ஆம் ஆண்டின் தேதி இருக்கிறது. வாங் ஜியே என்பவர் தம் பெற்றோரின் பொருட்டு எல்லாருக்கும் இலவசமாக வழங்க அச்சிட்டார் என்ற குறிப்பும் இருக்கிறது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரும் செய்தது ஒரே செயல்: பெயரை வைத்துக்கொண்டு உடைமையை விட்டுவிட்டார்கள். ‘நான்’ இல்லை என்னும் அனத்தக் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான பதிப்புரிமைச் சட்டம் தேடினாலும் கிடைக்காது.

இந்த அமைப்பிலும் குறை சொல்ல இடமுண்டு. தொடாத மூலம் என்று எதைச் சொல்கிறோம்? தளத்தின் பாலி வாசகம் மகாசங்கீதிப் பதிப்பு. அது 1954 முதல் 1956 வரை ரங்கூனில் நடந்த ஆறாம் சங்கீதியின் வழிவந்தது. ஒரு பதிப்பை மூலம் என்று வைத்த நொடியிலேயே சிங்களப் பதிப்பின் வாசகமும் பாலி நூற் கழகத்தின் வாசகமும் பாடபேதம் என்ற நிலைக்கு இறங்கிவிடுகின்றன. வாக்கியத் துண்டுகளும் அப்படித்தான். ஏட்டில் இல்லாத நிறுத்தக் குறிகளை இக்காலப் பதிப்பாளர் இட்டார். அந்த இடங்களை ஒட்டி வெட்டியதால் அவருடைய புரிதலும் எண்களுக்குள் புகுந்திருக்கிறது. பாலியில் கடைசியில் வரும் வினை இன்னொரு மொழியில் முதலில் வரவேண்டியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் துண்டுக்குள் நெளிய வேண்டியிருக்கிறது. தூய மூலம் என்று எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. பல கை பட்டுத்தான் வந்திருக்கிறது. ஆனால் எந்தக் கை எங்கே பட்டது என்று பார்க்க முடிகிற மூலம் நம்மிடம் இருக்க முடியும். பாடபேதக் கோப்பைத் தனியே திறந்து வைத்திருப்பதால் அந்த நேர்மை காக்கப்படுகிறது.

புத்தகோசரைப் பற்றி இலங்கை வரலாற்று நூல் சொல்லும் அற்புதக் கதை ஒன்று: மகாவிகாரைத் துறவிகள் அவரைச் சோதிக்க இரண்டு பாடல்களைக் கொடுத்தார்கள், அவர் விசுத்திமக்கத்தை எழுதினார். தேவர்கள் அதை ஒளித்துவைக்க, மறுபடி எழுதினார். அதையும் ஒளித்துவைக்க, மூன்றாம் முறை எழுதினார். பின்பு மூன்று பிரதிகளும் வெளிப்பட்டு, துறவிகள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தபோது ஓர் எழுத்துகூட வேறுபடவில்லையாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்தச் சமூகம் எதை அற்புதமாக எண்ணியது என்பது கவனிக்கத்தக்கது: நீர்மேல் நடந்ததை அல்ல, பிரதிகள் ஒத்துப்போனதை.

இன்றைய புதிய சோதனை இயந்திர மொழிபெயர்ப்பு. ஒரு நிகாயத்தையே சில மணி நேரத்தில் எந்த மொழியிலும் கொட்டிவிட இன்று முடியும். கோப்பின் எண்களும் பிழையின்றிப் பொருந்தும். ஆனால் நான்கு பெரும் சான்றுகள் எல்லாமே, யாரிடம் கேட்டாய் என்ற இடத்தில்தான் தொடங்குகின்றன. அதற்குப் பதில் சொல்ல ஒருவர் இல்லாத வரிகளை மொழிபெயர்ப்பாளர் பெயருள்ள கோப்புறைகளின் நடுவே வைப்பது முரசில் அடிக்கும் ஆணியாகவே முடியும். உதவிக் கருவியாகப் பயன்படட்டும். வரிக்கு வரி மூலத்தோடு வைத்துப் பார்த்துத் தம் பெயரை எழுதத் துணிகிற ஒரு மனிதர் அதன்பின் இருக்க வேண்டும்.

காவிரிப்பட்டினத்திலும் காஞ்சியிலும் உட்கார்ந்து பாலியில் உரை கண்டவர்களின் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலையில் தனி உரிமை உண்டு. பாலியும் தமிழும் ஒருசேர அறிந்தவர்கள் ஒரு சிறு சூத்திரத்தையாவது எடுத்து, மூலத்தைத் தொடாமல், எண் பிறழாமல் தமிழில் பெயர்க்க வேண்டும். ஐயமான இடத்தை ஐயம் என்றே குறித்து, கீழே தம் பெயரையும் எழுத வேண்டும். பாலி வரிகளும் சுஜாதோவின் ஆங்கில வரிகளும், யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி இப்போதே திறந்து கிடக்கின்றன.